ஐந்து பேராக வந்த மூ பா

"போன ஏப்ரல்ல அடிச்ச பனிப்புயல்ல, தம்பி, மாடுங்க மூச்சு விடுறதுக்கே ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நின்னுச்சு. அந்தப் புயலுக்குள்ள, சாணி அள்ளுற வாளியில உக்காந்து ஒரு பொண்ணு பரீட்சை எழுத வந்தா. வாளியில ஏறினது ஒருத்தி. பள்ளிக்கூடத்துக்குள்ள போனது அஞ்சு பேரு. அவ போட்ட கணக்கைப் பாத்துட்டு உங்க தலைநகரத்துக் கம்ப்யூட்டருக்கு ஜுரம் வந்து மூணு நாள் படுத்துக்கிச்சு."

வர்ஜில் ஸ்டாஃபர் இப்படிச் சொல்லிவிட்டு, பள்ளி அலுவலகத்து மேசையில் இருந்த இறைச்சி பன் ஒன்றை எடுத்துப் பாதியைக் கடித்தார். எதிரில் உட்கார்ந்திருந்தவர் சிரிக்கவில்லை. நோலன் ப்ரூவிட் என்று பெயர். மாநிலத் தேர்வுகளில் ஏதாவது வாடை அடித்தால் மோப்பம் பிடிக்கத் தலைநகரிலிருந்து அனுப்பப்படுகிற அதிகாரி. இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட முகம்.

"இதுல எது நிஜம்?" என்றார் ப்ரூவிட்.

"ஜுரம் மட்டும் கொஞ்சம் சேத்துக்கிட்டது."

"மாடு?"

"மாடும் கொஞ்சம்."

பக்கத்தில் நின்றிருந்த தலைமை ஆசிரியை கிராசியேலா மொன்டெஹானோ கண்களை மூடிக்கொண்டாள். சிறுமியாக இருந்த காலத்தில் வர்ஜில் ஓட்டிய மஞ்சள் பஸ்ஸில் முதல் சீட்டில் உட்கார்ந்து வந்தவள் அவள். நாற்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அந்த மனிதரின் வாயை ஊரிலேயே நன்றாக அறிந்தவளும் அவள்தான். பின்காற்று பலமாகத் தள்ளியதால் பஸ் புறப்படுவதற்கு முன்பே பள்ளிக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று ஒருமுறை அவளுடைய அம்மாவிடமே சொன்னவர். அப்படிப்பட்டவர்தான் இன்று பள்ளிக்கு முக்கியமான சாட்சி.

அவரைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"காலையில போன்ல என்ன சொன்னேன்? எதையும் சேக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சேக்கல கண்ணு. கொஞ்சம் தூவினேன்."

"உங்க வாயால இந்த ஸ்கூல் போகப்போகுது வர்ஜில். அந்த ஆளு 'செல்லாது'ன்னு ஒரு வார்த்தை எழுதிட்டா, அடுத்த ஆகஸ்ட்ல எம்புள்ளைங்க எல்லாம் நாற்பது மைல் தள்ளி பஸ்ல போவாங்க. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வர்ற அம்மாவோட முகத்தை எப்ப பாப்பாங்க?"

வர்ஜில் பன்னின் மறுபாதியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அவருக்குப் பசி போய்விட்டது. அதை நம்பாவிட்டாலும் பரவாயில்லை, அதுதான் நடந்தது.

கோல்டர் ஸ்பிரிங்ஸ் என்கிற இந்தக் கான்சாஸ் ஊரில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம், மாடுகளைவிடக் காற்று அதிகம். ஊர் நடுவே பெரிய இறைச்சி ஆலை. அந்த ஆலைக்காக உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் ஊரின் ஒரே நடுநிலைப் பள்ளிக்கு வந்தார்கள். மதிய உணவுக்கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாது. வர்ஜிலின் கணக்குப்படி அங்கே பேசப்படுவது எழுபத்திரண்டு மொழிகள். கிராசியேலாவின் கணக்குப்படி பத்தொன்பது. எது எப்படியோ, கோதுமை விவசாயி வீட்டுப் பையனே சண்டையில் சோமாலி மொழியில்தான் திட்டுவான். ஆங்கிலத்தில் திட்டினால் டீச்சருக்குப் புரிந்துவிடுமே!

தலைநகரத்துக் கம்ப்யூட்டர் இந்தப் பிள்ளைகளைப் பார்த்ததில்லை. எத்தனை பேர் வீட்டில் வருமானம் குறைவு, எத்தனை பேர் ஆங்கிலம் புதிதாகக் கற்கிறார்கள், எத்தனை பேர் வேலைக்காக ஊர் ஊராக இடம் பெயர்கிறவர்கள் என்று எண்களைக் கூட்டிக் கழித்து, இந்தப் பள்ளி இவ்வளவுதான் மார்க் வாங்கும் என்று முன்கூட்டியே ஜாதகம் எழுதி வைத்திருந்தது. போன ஏப்ரலில் எட்டாம் வகுப்பு மாநிலக் கணக்குத் தேர்வில் பிள்ளைகள் அந்த ஜாதகத்தைக் கிழித்து எறிந்தார்கள். பக்கத்துப் பணக்கார ஊர்ப் பள்ளிகளையெல்லாம் தாண்டி மேலே போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஊரே கொண்டாடியது. சோமாலியர்கள் சமோசா மாதிரியான சம்பூசா பொரித்தார்கள், மெக்சிகோக்காரர்கள் பன்றி வறுத்தார்கள், ஒன்றுக்கொன்று தொடாமல் தள்ளித்தள்ளி வைத்துச் சாப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் மட்டும் இது நடக்க முடியாது என்று சிவப்பு விளக்கு போட்டது. விளக்கைத் தொடர்ந்து ப்ரூவிட் வந்தார். ஊரில் நம்பாத ஒரே ஆள் அவர்தான்.

அவருடைய சந்தேகம் இரண்டு. ஒன்று மார்க். இன்னொன்று மூ பா.

மூ பா பர்மாப் பக்கத்துக் கரேன் இனத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் ஊருக்கு எட்டு மைல் வெளியே பால் பண்ணையில் வேலை செய்தார்கள். ஆள் ஒல்லி; சாப்பாட்டுத் தட்டை ஏந்திக்கொண்டு வந்தால் தட்டு தனியாக நடந்து வருகிற மாதிரி இருக்கும். ஆனால் மாநிலத்தின் கணக்கில் அவள் ஐந்து பேர். ஆசியப் பிள்ளைகள் கூட்டத்தில் ஒருத்தி. ஆங்கிலம் கற்கிறவர்கள் கூட்டத்தில் ஒருத்தி. இலவச மதியச் சாப்பாடு, இடம் பெயர்ந்த குடும்பம், திக்குவாய்க்குப் பயிற்சி எடுப்பதால் தனிக்கவனம் தேவைப்படும் பிள்ளை என்று மேலும் மூன்று இடங்களில் அவள் பெயர். ஒவ்வொரு கூட்டத்திலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தேர்வு எழுதியாக வேண்டும் என்பது விதி. ஆசியப் பிள்ளைகள் மொத்தமே பதினொரு பேர். அதில் ஒருத்தி வராவிட்டாலும் விகிதம் சரிந்துவிடும், கூட்டம் தோற்றுவிடும், கூட்டம் தோற்றால் பள்ளி தோற்றுவிடும். அதற்கு முந்தைய வருடம் இப்படித்தான் ஒரு பையன் அம்மை போட்டுப் படுத்து, பள்ளி ஒருமுறை தோற்றிருந்தது. இரண்டாவது முறை தோற்றால் நாற்பது மைல் தள்ளியிருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள்.

போன ஏப்ரலில் காய்ச்சல் வந்து மூ பா கணக்குத் தேர்வின் கடைசிப் பகுதியை எழுதாமல் விட்டிருந்தாள். மற்ற எல்லோரும் முடித்தாயிற்று. எழுதுவதற்கான கடைசி நாளன்று விடியற்காலையில் புயல் வந்தது.

வர்ஜில் திரும்பி உள்ளே போய் ப்ரூவிட்டின் எதிரில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். இந்த முறை எதையும் தூவவில்லை. எப்பேர்ப்பட்ட பாடு! மாமிசப் பிரியனை வெறும் கஞ்சி குடிக்கச் சொன்ன மாதிரி இருந்தது அவருக்கு.

"பஸ் எல்லாம் நிறுத்தியாச்சு. பொண்ணு ஸ்கூலுக்குப் போன் பண்ணினா. நான் வரணும், வழி இல்லைன்னு. கிராசியேலா எனக்குப் போன் பண்ணினா. என் மச்சானோட மாட்டுப் பட்டியில பனி தள்ளுறது நான்தான். அங்க பழைய லோடர் ஒண்ணு இருக்கு, முன்னால பெரிய வாளி வச்சது. டிரைவருக்கு மட்டும்தான் சீட்டு. வாளியில வைக்கோலைப் போட்டேன், தார்ப்பாயைப் போட்டேன், கிளம்பினேன். பண்ணை வாசல்ல நின்னா. நான் வாளியை இறக்கினதும் என்ன கேட்டா தெரியுமா? 'டி-டிரைவர் தாத்தா, இதுல அஞ்சு பேருக்கு இடம் இருக்குமா?'"

"அஞ்சு பேரா?"

"அவளுக்குத் தெரியும்ல, அவ அஞ்சு பேருன்னு. இங்க இருக்கிற புள்ளைங்க எல்லாத்துக்கும் தெரியும். 'நான் மூணு பேரு, நீ நாலு பேரு'ன்னு பேசிக்குவாங்க."

ப்ரூவிட் தன் கைக்கணினியைத் திருப்பிக் காட்டினார். "அன்னைக்குக் காலையிலிருந்து மறுநாள் வரைக்கும் இந்த மாவட்டத்துல எல்லா ரோடும் மூடியிருந்துச்சுன்னு நெடுஞ்சாலைத் துறை சொல்லுது. பனி அள்ளுற வண்டியே திரும்பிப் போயிடுச்சு. சார், எந்த ரோட்டுல வந்தீங்க?"

"ரோட்டுல எங்க வந்தேன்? மேய்ச்சல் நிலத்துக்குள்ளயே வந்தேன்."

"நடுவுல எத்தனை வேலி இருக்கு!"

"வேலி இருந்தா கேட் இருக்கும்ல தம்பி."

"பனி மூடின கேட்டை எல்லாம் இறங்கி இறங்கி நீங்களே திறந்தீங்களா? உங்க வயசுல?"

"நான் ஏன் திறக்கணும்? திறந்து வச்சிருந்தாங்க."

"யாரு?"

"ஊர்க்காரங்க."

ப்ரூவிட் கணினியை மூடினார். நம்பவில்லை என்று சொல்வதற்கு அவருக்கு அந்தச் சத்தமே போதும். தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு கதையைக் கலப்படம் இல்லாமல் சொல்லியும் எடுபடவில்லையே என்று வர்ஜிலுக்கு ஆத்திரமாக வந்தது. மாடு ஏறி நின்ற கதையாவது கேட்க நன்றாக இருந்திருக்கும்.

"மார்க்கை மதியம் பாத்துடறேன்," என்றார் ப்ரூவிட். "பொண்ணு விஷயம் அப்புறம்."

மதியம் உணவுக்கூடத்தில் அவரை மூ பாவின் மேசையில் உட்கார வைத்தாள் கிராசியேலா. மூ பா இப்போது உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டாலும், பக்கத்துக் கட்டடம்தானே, சாப்பாட்டு நேரத்தில் இங்கே ஓடி வந்துவிடுவாள். கூடவே சோமாலிப் பையன் லிபான், மெக்சிகோப் பெண் யரேலி. கூடத்தில் இருநூறு பிள்ளைகள் இருந்தும் ஒரு சத்தம் இல்லை. ப்ரூவிட் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"என்ன, எல்லாரும் தண்டனையில இருக்காங்களா?"

"இல்ல சார், கணக்குப் போடறோம்," என்றான் லிபான் தாழ்ந்த குரலில். "சாப்பாட்டு மேசையில ஒரு கணக்கு. வாயைத் திறக்காம விளக்கணும். மேசையில இருக்கிற கடைசி ஆளு திருப்பி விளக்கினாத்தான் விடை செல்லும். உங்களையும் சேத்தா, இன்னைக்குக் கடைசி ஆளு நீங்கதான்."

இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதற்கு வர்ஜிலிடம் ஏழு கதைகள் உண்டு. உண்மை சாதாரணமானது. ஒரே மேசையில் உட்கார்ந்த நாலு பேருக்குப் பொதுவாக ஒரு மொழி இல்லாத காலத்தில், பிள்ளைகளே கண்டுபிடித்துக்கொண்டது அது. விடை தெரிந்தவன் வாத்தியாருக்கு விடையை ஒப்பித்துவிட்டுத் தப்பிக்கலாம். மொழி தெரியாத சிநேகிதனுக்குக் கையால் விளக்க வேண்டுமென்றால், கணக்கு எலும்பு வரைக்கும் புரிந்திருக்க வேண்டும். வருடக்கணக்காக மதியத்துக்கு மதியம் இப்படியே. கணக்கு டீச்சர்கள் கெட்டிக்காரிகள். அதைத் தடுக்காமல் வளர்த்துவிட்டார்கள்.

ப்ரூவிட் தன் பையிலிருந்து ஒரு கணக்கு கொடுத்தார். ஒரு பொருளின் விலையை நூற்றுக்கு இருபது ஏற்றி, பிறகு நூற்றுக்கு இருபது இறக்கினால் பழைய விலை வருமா? பெரியவர்களே வழுக்கி விழுகிற இடம் அது.

மூ பா சிரித்தாள். தட்டிலிருந்து பொரித்த உருளைக்கிழங்கு உருண்டைகள் பத்தை எடுத்து வரிசையாக வைத்தாள். லிபானின் தட்டிலிருந்து இரண்டைத் திருடிச் சேர்த்தாள். பன்னிரண்டு. பிறகு அந்தப் பன்னிரண்டையும் விரலால் சுற்றி ஒரு வட்டம் வரைந்து காட்டினாள்: இப்போது நூற்றுக்கு இருபது எடுக்க வேண்டியது இந்தப் பெரிய கூட்டத்திலிருந்து, அந்தச் சின்னக் கூட்டத்திலிருந்து இல்லை. இரண்டு உருண்டையை யரேலியிடம் தள்ளினாள். அப்புறம் இன்னொன்றை எடுத்து, பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கவனமாகக் கடித்துவிட்டு மிச்சத்தை வரிசையில் வைத்தாள். ஒன்பது முழுசு, ஒன்று கடித்தது. பத்து இல்லை.

மூன்று பேரும் ப்ரூவிட்டைப் பார்த்தார்கள்.

அவர் வாயைத் திறந்தார். யரேலி உதட்டில் விரலை வைத்தாள். அவர் வாயை மூடினார். உருண்டைகளை அடுக்கினார், கலைத்தார், எண்ணிக்கை தவறி ஒன்றைத் தானே தின்றுவிட்டார். வியர்த்தது. டையைத் தளர்த்தினார். திரும்ப அடுக்கி, வட்டம் வரைந்து, இரண்டைத் தள்ளி, கடைசி உருண்டையை மூ பாவைப் போலவே கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடித்தார். மேசை டமடமவென்று அதிர்ந்தது; பக்கத்து மேசைப் பிள்ளைகளும் சேர்ந்து தட்டினார்கள். கூரையிலிருந்த புறாக்கள் அடுத்த மாநிலத்துக்குப் பறந்து போனதாக வர்ஜில் இன்றைக்கும் சொல்வார்.

ப்ரூவிட்டின் முகத்தில் இஸ்திரி கலைந்திருந்தது. வெளியே வந்து கிராசியேலாவிடம் சொன்னார்: "மார்க் விஷயத்துல எனக்குச் சந்தேகம் இல்லை மேடம். இந்தப் புள்ளைங்க இன்னும் கூட வாங்கியிருக்கணும்."

கிராசியேலாவின் கண் கலங்கியது.

"ஆனா அந்த ஒரு பொண்ணு அன்னைக்கு வந்தான்னு நான் கையெழுத்துப் போட முடியாது. அவ கெட்டிக்காரிங்கறது வேற. அவளுக்குப் பதிலா வேற யாரோ எழுதியிருக்கலாமில்லையா? எட்டு மைல், அந்தப் புயல்ல, வாளியில! மன்னிச்சுடுங்க. போற வழியில அந்தப் பண்ணை ரோட்டை ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்."

"இப்பப் போகாதீங்க தம்பி," என்றார் வர்ஜில். "வடக்கப் பாருங்க."

வடக்கு வானம் ஈயம் பூசிய மாதிரி இருந்தது. நவம்பர் மாதம்தான், ஆனால் இந்தச் சமவெளியில் பனிக்கு மாதம் எல்லாம் தெரியாது.

"இதுவும் தூவினதா?" என்று கேட்டுவிட்டு ப்ரூவிட் காரை எடுத்தார்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அலுவலகத் தொலைபேசி அடித்தது. காற்றுக்கு நடுவே ப்ரூவிட்டின் குரல்: கார் ரோட்டோரப் பள்ளத்தில் சரிந்துவிட்டது, பண்ணைக்குக் கொஞ்சம் முன்னால், முன்னே எதுவும் தெரியவில்லை. நெடுஞ்சாலைத் துறையைக் கூப்பிட்டிருக்கிறார். ரோடு மூடியாயிற்று, காலையில்தான் வர முடியும் என்கிறார்கள்.

கிராசியேலா வர்ஜிலைப் பார்த்தாள். வர்ஜில் ஏற்கெனவே தொப்பியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாளியில வைக்கோல் போடவா," என்றார் ரொம்பப் பணிவாக, "இல்ல அதிகாரிக்கு மெத்தை வேணுமா?"

"போங்க வர்ஜில்! சீக்கிரம் போங்க! நான் எல்லாருக்கும் போன் போடறேன்."

லோடர் பள்ளத்தருகே போய் நின்றபோது ப்ரூவிட் காருக்குள் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, குளிரில் நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தார். வர்ஜில் வாளியைத் தரையில் இறக்கினார்.

"இதுலயா?"

"ஒருத்தருக்கு மட்டும் சீட்டுன்னு சொன்னேனே தம்பி. அஞ்சு பேரு வந்த வாளி, உங்க ஒருத்தருக்குத் தாராளமா போதும்."

தலைநகரத்து அதிகாரி சாணி வாளிக்குள் ஏறி, வைக்கோலில் குந்தி, தார்ப்பாயைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். லோடர் ரோட்டை விட்டு மேய்ச்சல் நிலத்தில் இறங்கியது. பனி ஊசியாகக் குத்தியது. முதல் வேலி வந்தது. ப்ரூவிட் தார்ப்பாய்க்குள்ளிருந்து தலையை நீட்டினார், இங்கே நின்றுவிடப் போகிறோம் என்று நினைத்திருப்பார். கேட் விரியத் திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு கிழட்டு விவசாயி மண்வெட்டியோடு, மீசையெல்லாம் பனியோடு நின்றார். ஆலைக்கு வெளியூர்க்காரர்கள் வந்த காலத்தில் நகர மன்றத்தில் எழுந்து நின்று ஊர் கெட்டுவிடும் என்று கத்தியவர் அவர். இப்போது வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"யாருப்பா இது? போன தடவை அந்தக் கரேன் பொண்ணைக் கொண்டுட்டுப் போனே. அவ இவ்வளவு கனமில்லையே!"

"இவரு ஒரே ஒரு ஆளுதான்," என்று கத்தினார் வர்ஜில். "அதான் கனம்!"

அடுத்த வேலியில் விவசாயியின் மனைவி. வாளிக்குள் சூடாக ஒரு இறைச்சி பன்னை வீசினாள். "பொண்ணுக்குக் குடுத்த மாதிரியே உனக்கும். அவ 'தேங்க்யூ' சொன்னா." ப்ரூவிட் தேங்க்யூ சொன்னார். அதற்கடுத்த கேட்டில் ஆலை ஷிஃப்டிலிருந்து வந்த இரண்டு சோமாலியர்கள் பனியை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். "இந்தத் தடவையும் பரீட்சையா?" என்று கேட்டார்கள். "ஆமா," என்றார் வர்ஜில், "இவருக்குத்தான்!" ஒவ்வொரு வேலியிலும் ஒரு கேட், ஒவ்வொரு கேட்டிலும் ஒரு ஆள், ஒவ்வொரு ஆளுக்கும் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. யாரும் ஒத்திகை பார்க்கவில்லை. கடைசி வேலியைத் தாண்டும்போது வாளிக்குள்ளிருந்து சத்தமே இல்லை. உறைந்துவிட்டாரோ என்று வர்ஜில் எட்டிப் பார்த்தார். ப்ரூவிட் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் திறந்து கிடந்த கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளி வாசலில் வாளி இறங்கியது. கிராசியேலா போர்வையோடு ஓடி வந்தாள். மூ பாவும் நின்றிருந்தாள். புயலில் அவளும் வீட்டுக்குப் போக முடியவில்லை. ப்ரூவிட் எழுந்து நின்றார். தலையில் வைக்கோல், டையில் சாணி.

வர்ஜிலுக்கு வாய் ஊறியது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை தூவினால்கூடப் போதும். கிராசியேலா அவரைப் பார்த்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். அவர் வாழ்க்கையிலேயே பெரிய சாதனை அதுதான்.

"எல்லா ரோடும் மூடியிருக்குன்னு துறையில சொன்னாங்களே சார்," என்றாள் கிராசியேலா மெதுவாக. "எப்படி வந்தீங்க?"

ப்ரூவிட் வாளியைப் பார்த்தார். மூ பாவைப் பார்த்தார். அவள் தன் தலையைத் தொட்டுக் காட்டினாள்: வைக்கோல் இருக்கு. அவர் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"வந்திருக்கா," என்றார். "அந்தப் பொண்ணு அன்னைக்கு வந்திருக்கா மேடம், வாளியிலதான் வந்திருக்கா. எழுதிக்கங்க, நான் கையெழுத்துப் போடறேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டு வர்ஜில் பக்கம் திரும்பினார். "அஞ்சு பேரும் வந்தாங்க."